நுணலும் தன் வாயால் கெடும்: மறந்துபோன கார்களைத் தேடப் புறப்படுவோருக்கு

தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது பின்கண்ணாடிதான். முட்டை வடிவம், சின்னது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் அந்தக் கண்ணாடி வந்தது 1953 மார்ச்சிலிருந்து 1957 வரைதான். அதற்கு முன்பு நடுவில் ஒரு பட்டையோடு இரண்டாகப் பிரிந்த கண்ணாடி. அதற்குப் பிறகு பெரிய செவ்வகம். தார்ப்பாயை முழுசாக உரிக்காமலே வண்டியின் வயது நாலு வருட இடைவெளிக்குள் வந்துவிட்டது. "அவர் போனதுலேர்ந்து யாரும் தொடல" என்றார் வீட்டுக்கார அம்மா. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். "யோசிச்சு வைங்கம்மா, அடுத்த மாசம் வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அன்று சாயந்திரமே பழைய பாகங்கள் விற்கும் ஒருவரிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். அவரிடம் எனக்கு எந்த வேலையும் இல்லை. பெருமை, அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்துப் போனபோது தார்ப்பாய் மட்டும் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. "உன் கூட்டாளின்னு சொல்லித்தானேப்பா வந்தாங்க?" என்றார் அந்த அம்மா.

தேடக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. வாயை மூடக் கற்றுக்கொள்ள அந்த ஒரு வண்டி போதும். புதிதாக வருபவர்கள் தேடும் வித்தையை மட்டும் கேட்டுக்கொண்டு ஓடிவிடுகிறார்கள் என்பதால் இரண்டையும் கலந்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு வண்டியைப் பிடியுங்கள்

எல்லாப் பழைய காரையும் தேடுகிறேன் என்று கிளம்பினால் எதுவும் கிடைக்காது. ஒரு கம்பெனி, முடிந்தால் ஒரே மாடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜாண் உலோகம் வெளியே தெரிந்தால்கூட அது எந்த வருட வண்டி என்று சொல்லும் அளவுக்கு அதைப் படியுங்கள். மோரிஸ் மைனரின் முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தால் அது 1956-இல் மைனர் 1000 வருவதற்கு முந்தையது. 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப்பின் ஆரம்ப வண்டிகளில் பானட் பூட்டு வெளிப்பக்கம் இருக்கும். சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். பாதி இருட்டில், முழங்கால் அளவு சாமான்களுக்கு நடுவில், இரண்டு நிமிடம் மட்டும் பார்க்க விடுவார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் உதவுவது இந்த மாதிரி அறிவுதான்.

நம்பர் எங்கே இருக்கும் என்பதும் மனப்பாடமாக இருக்கட்டும். பழைய பீட்டிலில் சேசிஸ் நம்பர் பின்சீட்டைத் தூக்கினால் நடுத் தண்டின் மேல் இருக்கும். எஞ்சின் நம்பர் டைனமோ உட்காரும் தாங்கியின் அடிப்பக்கம். 17 எழுத்து அடையாள எண் என்ற ஒழுங்கு வந்தது 1981 மாடல்களிலிருந்துதான். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு முறை. 1960-களின் வண்டிக்கு யாராவது 17 எழுத்து நம்பரைக் காட்டினால் உடனே சந்தேகப்படுங்கள்.

எங்கே, யாரிடம்

கார்கள் மறக்கப்படுவதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. ஒரு சின்னப் பழுது, அதற்கான பாகம் கிடைக்கவில்லை. குடும்பத்தில் ஒரு சாவு. ஒரு பாகப்பிரிவினைச் சண்டை. "அப்புறம் பார்க்கலாம்" என்று உள்ளே தள்ளிய வண்டி முப்பது வருடம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே அந்த மாதிரி வீடுகளுக்குள் போய்வருபவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள்: தபால்காரர், மின் மீட்டர் கணக்கெடுப்பவர், மரம் வெட்டுபவர், கூரை வேய்பவர், வீடு காலிசெய்து கொடுப்பவர், பழைய இரும்பு எடுப்பவர். எல்லாரையும்விட மேல், தொழிலை விட்டுவிட்ட வயதான மெக்கானிக். எந்த வண்டி கடைசியாக எந்தக் கோளாறோடு எந்த வாசலுக்குள் போனது என்பது அவர் தலைக்குள் அப்படியே இருக்கும். அவரோடு உட்கார்ந்து பேச நேரம் வேண்டும். அந்த நேரத்தை மிச்சம்பிடிக்கப் பார்க்காதீர்கள்.

காகிதத்திலும் தேடலாம். பழைய கிளப் உறுப்பினர் பட்டியல், பந்தய நிகழ்ச்சிநிரல், நாற்பது வருடத்துக்கு முந்தைய வரிவிளம்பரம். அந்த விளம்பரத்தில் விற்காமல் போன வண்டிகள் உண்டு. கால்நடையாகச் சுற்றுவதையும் பரிந்துரைக்கிறேன். இலை உதிர்ந்த பருவத்தில் வேலிக்குப் பின்னால் இருப்பது தெரியும். காரில் போனால் அதுவும் தெரியாது.

"அங்கே இருந்ததெல்லாம் எப்பவோ வித்தாச்சு" என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். பிரான்ஸில் ரோஜே பையோன் என்ற லாரித் தொழிலதிபர் 1950-களிலிருந்து கார்களைச் சேர்த்தார். ஒரு அருங்காட்சியகம் கட்டுவது அவர் கனவு. தொழில் நொடித்துப்போய், 1979-இல் ஐம்பது வண்டி அளவுக்கு ஏலம் போனது. கதை அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 2014-இல் வாரிசுகள் அழைத்து ஆர்ட்கூரியல் ஏல நிறுவனத்தார் போய்ப் பார்த்தால், தகரக் கூரைகளுக்கு அடியில் இன்னும் அறுபது வண்டி. அதில் ஒன்று ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். அதன் மேல் பழைய பத்திரிகைக் கட்டுகளை அடுக்கிவைத்திருந்தார்கள். 2015 பிப்ரவரியில் பாரிஸில் அந்த ஒரு கார் மட்டும் 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது.

மறுபக்கமும் உண்டு. பண்ணைவீடு ஒன்றை வாங்கிய தம்பதி பூட்டிய கொட்டகையைத் திறந்தார்களாம், உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட கார்களாம் என்று போர்ச்சுகல் படங்களோடு 2007 வாக்கில் ஒரு கதை உலகம் சுற்றியது. படங்கள் நிஜம், கதை பொய். ஒரு கார் வியாபாரி தன் தொழிலில் கைக்கு வந்தவற்றைத் தெரிந்தே சேர்த்துப் பூட்டிவைத்தவை அவை. உரிமையாளர் இல்லாத கார் என்று ஒன்று இல்லை. மறந்தது ஊர்தான், சாவி யாரோ ஒருவர் கையில் இருக்கும்.

வாசலில் நிற்கும்போது

வேலி தாண்டாதீர்கள், எட்டிப்பார்க்காதீர்கள். இது நல்லொழுக்கப் பாடம் இல்லை, சட்டம். அதோடு, பின்வாசலில் பிடிபட்டவனுக்கு எவரும் கார் விற்கமாட்டார்கள். பகல் வெளிச்சத்தில், முன்வாசலில், தனியாகவோ இன்னொருவரோடோ போங்கள். நாலு பேர் சேர்ந்து இறங்கினால் வீட்டில் இருக்கும் வயதானவர் பயந்துவிடுவார்.

"விற்பீங்களா?" என்று ஆரம்பித்தால் "இல்லை" என்று முடிந்துவிடும். அந்தப் பதில் ஒருமுறை வாயிலிருந்து வந்தபின் மாற்றிக்கொள்வது அவர்களுக்கே கௌரவக் குறைச்சலாகப் போய்விடும். வண்டியைப் பற்றிக் கேளுங்கள். யார் வாங்கினார், எங்கெல்லாம் போனார்கள், எதனால் நின்றது. பதில் வர ஆரம்பித்தால் காது கொடுங்கள். இடையில் உங்கள் கார் ஞானத்தைக் காட்டாதீர்கள். கிளம்பும்போது பெயரும் எண்ணும் கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுங்கள். அச்சடித்த விசிட்டிங் கார்டு வியாபாரி வாசனை அடிக்கும். கையெழுத்துத் தாளை மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

முடிவு எடுப்பது யார் என்று அன்றே புரிந்துகொள்ளப் பாருங்கள். பேசுவது அப்பாவாக இருக்கும், தீர்மானிப்பது வெளியூரில் இருக்கும் மகளாக இருக்கும். "இப்போ இல்ல" என்றால் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, நாலைந்து மாதம் கழித்து மறுபடி போங்கள். அடுத்த வாரமே போனால் நச்சரிப்பு. இரண்டு வருடம் கழித்துப் போனால் வண்டி இருக்காது.

வண்டியைப் பார்க்க விடும்போது

முதலில் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் இருக்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 3204 என்றால் 2004-ஆம் வருடத்தின் 32-வது வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்தையது. "இப்போ நாலஞ்சு வருஷமாத்தான் நிக்குது" என்ற பேச்சை டயர் ஒரு நொடியில் சரிபார்த்துவிடும். கண்ணாடியில் ஒட்டிய பழைய வரி வில்லை, கதவு விளிம்பில் ஆயில் மாற்றிய தேதிச் சீட்டு, சீட்டுக்கு அடியில் கிடக்கும் செய்தித்தாள், இவையும் சாட்சிதான்.

அப்புறம் தரை. மண் தரையில் நின்ற வண்டிக்கு மேலே பெயிண்ட் பளபளத்தாலும் ஈரம் அடியிலிருந்து ஏறித் தின்றிருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதி, கால்வைக்கும் தகடு, ஸ்பிரிங் மாட்டும் இடம், இந்த மூன்றையும் கையால் தடவுங்கள். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருப்பேன். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள், அல்லது அலுமினியம். எது என்று தெரிய மறுபடியும் உங்கள் மாடலைப் படித்திருக்க வேண்டும்: 1950-களின் மெர்சிடிஸ் 300 எஸ்எல் கல்விங்கில் உடல் இரும்பு, ஆனால் கதவும் பானட்டும் அலுமினியம்தான். அங்கே காந்தம் ஒட்டினால்தான் கவலைப்பட வேண்டும். சேசிஸ் நம்பரை எழுதிக்கொள்வதோடு நிற்காமல், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலோ சுற்றிலும் அரம் போட்ட தடம் இருந்தாலோ தாளில் தெரிந்துவிடும்.

எலி குடியிருந்த வண்டி என்றால் முகமூடி போடாமல் தலையை உள்ளே விடாதீர்கள். அந்த எச்சத்தூசியில் ஹான்டா வைரஸ் இருக்கலாம். பெருக்கவும் கூடாது, கிருமிநாசினியால் நனைத்துத் துடைக்க வேண்டும். பழைய பிரேக் டிரம்மிலிருந்து விழும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஊதிவிடாதீர்கள்.

"பேட்டரி போட்டா ஸ்டார்ட் ஆயிடும்" என்று யாராவது ஆசைகாட்டுவார்கள். வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப்பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு. டேங்கில் இருப்பது பெட்ரோல் இல்லை, வார்னிஷ் மாதிரி நாறும் ஒரு பசை. 1950-களின் பீட்டிலில் மின்சாரம் 6 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தால் மிச்சமிருக்கும் ஒரிஜினல் பல்புகள் போய்விடும்.

துப்பைக் காப்பது

கார் உங்கள் கைக்கு வரும்வரை உங்களிடம் இருப்பது ஒரு துப்பு மட்டும்தான். அதைக் கெடுப்பவர்களில் திருடர்கள் குறைவு. பெரும்பாலும் நாமே கெடுக்கிறோம்.

கைபேசி எடுக்கும் போட்டோவுக்குள் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை உட்கார்ந்திருக்கும். வேட்டைக்குப் போகும் நாளில் கேமராவுக்கு இருப்பிட அனுமதியை அணைத்துவிடுங்கள். குடும்பத்தோடு பகிரும் ஆல்பத்தில் தானாகப் போய்ச் சேருகிறதா என்றும் பாருங்கள். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் பின்னணியை வெட்டுங்கள். நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டு, பின்னால் தண்ணீர்த் தொட்டியையும் கோயில் கோபுரத்தையும் விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஊரை அறிந்தவனுக்கு அது போதும்.

என் நோட்டில் இடப்பெயர்கள் இருக்காது. அந்த வீட்டில் பார்த்த ஏதாவது ஒன்றுதான் பெயர்: "நீலக் கதவு", "கறுப்பு நாய்". முகவரி எல்லாம் வேறொரு இடத்தில். ரகசிய ஏஜென்ட் மாதிரி இருக்கிறதே என்று என் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று இருக்கிறது. வண்டியை வாங்கும் முன்பே சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு நிபுணர்களிடம் ஓடுவது. அரிய மாடல்களுக்குப் பதிவேடு வைத்திருப்பவர்களிடம் காணாமல் போன நம்பர்களின் பட்டியலும் இருக்கும். நீங்கள் நம்பரைச் சொன்ன நொடியில் "இது உயிரோடு இருக்கிறது, இந்த ஆளுக்குத் தெரியும்" என்ற செய்தி வெளியே போய்விடும். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கும் நண்பர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டியதைப் பொதுவாகக் கேளுங்கள்: இந்த வருடத்து வண்டிகளில் நம்பர் எதிலிருந்து எதுவரை, எந்த எஞ்சின், எந்த நிறங்கள் என்று. முழு நம்பரோடு ஆவணக்காப்பகத்துக்கு எழுதுவது பணம் கைமாறிய பிறகு. இங்கிலாந்தில் கேடனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், மோரிஸ், ஆஸ்டின், எம்ஜி வண்டிகள் பலவற்றுக்கு உற்பத்திப் பதிவைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. ஃபோர்டுக்கு 1967 மாடல்களிலிருந்து தொடங்கும் விவரங்களை மார்ட்டி என்ற நிறுவனம் வைத்திருக்கிறது. அவை எங்கேயும் ஓடிப்போகாது. ஒரே விதிவிலக்கு, திருட்டு வண்டியா என்ற சோதனை. அதைப் பணம் கொடுக்கும் முன்பே, அதற்குரிய அரசு வழியில் செய்தாக வேண்டும்.

அதே மாதிரி பாகங்கள். முட்டைக் கண்ணாடிக்கு ரப்பர் இருக்கா என்று கடையில் கேட்டால், உங்களிடம் அந்த வண்டி இல்லை என்று தெரிந்த கடைக்காரர் கணக்குப் போட்டுவிடுவார். என் பீட்டில் போன வழி கிட்டத்தட்ட அதுதான். வண்டி ஏற்றும் லாரிக்காரரிடமும் முகவரியை முந்தைய நாள் கொடுக்காதீர்கள். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது வாடகை பேசப் போதும்.

துப்பு கொடுத்தவரை மறக்காதீர்கள். தபால்காரரோ இரும்புக்காரரோ, என்ன தருவதாகச் சொன்னீர்களோ அதைக் கேட்காமலே கொடுங்கள், வண்டி வந்த வாரமே. ஏமாந்தவர் அடுத்த துப்பை உங்களிடம் சொல்லமாட்டார் என்பது இருக்கட்டும். இந்தத் துப்பையே இன்னொருவரிடம் சொல்லியிருப்பார். கூட்டாளியோடு தேடினால் யார் பணம், யார் பெயரில் வண்டி, விற்றால் எப்படிப் பங்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர்கள்தான், இருந்தாலும்.

இவ்வளவு பூட்டுப் போட்டாலும் கடைசிப் பூட்டு உரிமையாளரின் மனம்தான். வேறொருவன் வந்து அதிகப் பணம் காட்டும்போது "இல்லப்பா, ஒருத்தருக்குச் சொல்லிட்டேன்" என்று அவர் சொல்ல வேண்டும். அதற்கு அவர் உங்களைப் பற்றி நல்லதாக நினைக்கக் காரணம் இருக்க வேண்டும். "பழைய இரும்புதான்மா, எடுத்துட்டுப் போறேன்" என்று மதிப்பைக் குறைத்துப் பொய் சொல்பவர்களை இந்த வேலையில் நிறையப் பார்க்கலாம். அடுத்து வருபவன் உண்மை விலையைச் சொன்ன நிமிடமே அவர்கள் கதை முடிந்தது. அந்த அம்மாவிடம் நான் வெளிப்படையாக ஒரு தொகை சொல்லி, கொஞ்சம் முன்பணம் கொடுத்து, இரண்டு வரி எழுதி வாங்கியிருந்தால் வந்தவர்கள் யார் கூட்டாளியாக இருந்தாலும் எடுபட்டிருக்காது. போட்டோ காட்டியது பாதித் தப்பு. எதையும் உறுதிப்படுத்தாமல் "அடுத்த மாசம்" என்று சொல்லிவிட்டு வந்தது மீதி.

காகிதம்

வண்டி யார் பெயரில், அவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் வாரிசுகள் எத்தனை பேர். எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதில் சறுக்கியவர்கள் பெரிய இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். ஷெல்பி கோப்ரா டேட்டோனா கூப்பே என்று ஆறே வண்டிகள் கட்டப்பட்டன. அதில் முதலாவது, சேசிஸ் நம்பர் சிஎஸ்எக்ஸ் 2287, கலிஃபோர்னியாவில் ஒரு வாடகைக் கிடங்கில் பல வருடம் கிடந்தது. வைத்திருந்தவர் 2000-இல் இறந்ததும் வண்டி விற்கப்பட்டது. எனக்கே சொந்தம் என்று இன்னொருவர் கிளம்ப, வழக்கு நீதிமன்றம் ஏறியது. இன்று அது ஃபிலடெல்ஃபியாவில் சிமியோன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நமக்குக் கிடைக்கும் வண்டிக்கு வழக்கறிஞர் செலவே கட்டுப்படியாகாது. ரசீதில் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், கூடவே "கொட்டகையில் உள்ள உதிரிப் பாகங்கள் அனைத்தும்" என்ற வரியும் இருக்கட்டும்.

தூக்கும் நாள்

பணம் கொடுத்த அன்றே தூக்குங்கள், முடியாவிட்டால் மறுநாள் காலை. பிரேக் பிடித்துச் சக்கரம் சுற்றாது. நாலு சக்கரத்துக்கும் அடியில் வைக்க உருளைத் தட்டுகள் கொண்டுபோங்கள். மூடிய லாரி கிடைத்தால் நல்லது. இடத்திலேயே நின்றபடி, நாலு பக்கமும் போட்டோ எடுத்த பிறகுதான் நகர்த்த வேண்டும். கழுவாதீர்கள். பையோன் வண்டிகளை ஏலத்தில் தூசியோடுதான் நிறுத்தினார்கள். கழுவினால் அந்தத் தூசி திரும்ப வராது. சுவரோரம், பரண், பழைய பெட்டிகள் எல்லாம் தேடுங்கள். கழற்றி வைத்த வீல்கப், ஜாக்கி, கைப்பிடி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு இன்னொரு முறை போங்கள், வண்டி எப்படி இருக்கிறது என்று சொல்ல. அலமாரியைக் குடையும்போது ஏதாவது கிடைத்திருக்கும். உங்களுக்காக எடுத்து வைத்திருப்பார்கள். பீட்டிலைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் போகவில்லை. அதன் இரண்டாவது சாவியும் முதல் சர்வீஸ் புத்தகமும் அந்த அம்மாவின் மேஜை இழுப்பறையில், என் கையெழுத்துத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.